தலைமாட்டுக்கு இரும்பு

திருக்கோவிலூர் தாண்டி ரயில் வேகம் எடுத்த பிறகுதான் சடையன் பையைத் திறந்தான். வேலூரில் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். மனைவிக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. சாமை அரிசி, ஒரு புட்டித் தேன், பழைய சேலையில் கிழித்த துணிகள் என்று அவள்தான் பையைக் கட்டிக் கொடுத்திருந்தாள். துணிகளுக்கு நடுவே கை நுழைத்தபோது சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. அவனுடைய கொடுவாள்.

எதற்கு வைத்திருக்கிறாள் என்று உடனே புரிந்தது. காத்து கருப்பு அண்டாமலிருக்கப் பச்சைப்பிள்ளையின் தலைமாட்டில் இரும்பு இருக்க வேண்டும். கல்வராயன் மலையில் அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் தூங்கின. டவுனில் வாடகை வீட்டுக்காரர்கள் கொடுவாளுக்கு எங்கே போவார்கள் என்று நினைத்திருப்பாள்.

அது திருப்பதி போகிற வண்டி. செம்மரம் வெட்ட அந்தப் பக்கம் போன மலைக்காரர்கள் உண்டு. பிடிபட்டவர்கள் உண்டு. வெட்டாமலே பிடிபட்டவர்களும் உண்டு. அவன் தம்பி பழனி சாமி கும்பிடத்தான் போனான். போலீஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். கோடாலி பிடித்த காய்ப்பு இருந்தது. கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பினான். இப்போது நாய் குரைத்தால் எழுந்து நிற்கிறான்.

பழனி வெறுங்கையோடு போனவன்.

ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம். எதிர் சீட்டில் ஒருவன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எறிந்தால் பார்ப்பான். சடையன் பையை சீட்டுக்கு அடியில் தள்ளிக் குதிகாலால் அழுத்திக்கொண்டான்.

திருவண்ணாமலையில் மூட்டை முடிச்சு குண்டானோடு ஒரு கூட்டம் ஏறியது. ஒரு பெண் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நவுந்து குந்து மாமா. இன்னா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கூனிக்கினு குந்தியிருக்க?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மூங்கில்துறைப்பட்டுக்காரி, பேர் செல்லியம்மாள் என்று அவளே சொன்னாள். கரும்பு வெட்டப் போகிறார்கள். அவள் மூட்டையில் கத்திப் பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவன் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான். எழுந்து போக வேறு இடமில்லை.

“எந்த ஊரு?”

“கல்வராயன் மல, வெள்ளிமல.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

“திருப்பதி வண்டின்னு தெரிஞ்சா இதுல வந்த?”

“மருமவன்தான் சொன்னாரு. ஒரே வண்டி, மாற வேணாம்னு. பேரப்புள்ள பொறந்திருக்கு.”

“பையில இன்னா?”

அவன் குதிகாலை இன்னும் அழுத்தினான். அவள் குனிந்து பையைத் தடவிப் பார்த்தாள்.

“அடப்பாவி.”

கண்ணமங்கலம் தாண்டியதும் பக்கத்துப் பெட்டியிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பையாகக் காட்டச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். செல்லியம்மாள் முந்தானையை விரித்துக் கீழே குனிந்தாள். நிமிர்ந்தபோது கொடுவாள் அவள் மூட்டைக்குள் இருந்தது.

“கைய மூடு. தூங்கு,” என்றாள்.

அவன் உள்ளங்கைகளை அக்குளில் செருகிக் கண்ணை மூடினான். பூட்ஸ் சத்தம் அவன் முன்னால் நின்றது.

“இது இன்னா கத்தி?”

“கரும்பு வெட்றது சார். காட்பாடிப் பக்கம் போறோம். ஆள் பத்தல, நீங்களும் வர்றீங்களா?”

“வாயப் பாரு. இவரு யாரு?”

“எங்க மாமன். வண்டி ஒத்துக்காது சார். எழுப்புனீங்கன்னா உங்க பூட்சு மேலயே வாந்தி எடுப்பாரு.”

பூட்ஸ் நகர்ந்தது. ஆனால் அடுத்த பெட்டிக்குப் போகவில்லை. கதவருகே போய் நின்றுகொண்டது.

வேலூர் கன்டோன்மென்ட் வந்தபோதும் அவர்கள் அங்கேயேதான் நின்றார்கள். சடையன் அவள் மூட்டையைப் பார்த்தான்.

“கேக்காத. போ,” என்றாள் அவள், உதடு அசையாமல்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவே இறங்கினான். யாரும் கூப்பிடவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே வந்த பிறகும் யாரோ கூப்பிடுவார்கள் என்றே நடந்தான்.

வீட்டில் பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் சந்தியா அவனைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள். போனில் அம்மாவைக் கூப்பிட்டு அவனிடம் நீட்டினாள்.

“வந்து சேந்துட்டியா? புள்ள யாராட்டம் இருக்குது?”

“உன்னாட்டம்.”

“தலமாட்டுல வச்சிட்டியா?”

“வச்சிட்டேன்.”

போனைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் தலைப்பக்கம் போய், சுவரை ஒட்டி உட்கார்ந்தான். சந்தியா சோறு போட்டு வைத்துக் கூப்பிட்டாள்.

“எந்திரிப்பா, ஆறுது.”

“இங்கயே குடு,” என்றான்.