பத்து லட்சத்து ஒன்று

செண்டாயான் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் பேரன் பென்சிலால் எண்களைக் கிறுக்கியிருந்தான். யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட ஈரத்துணியோடு ஓடினேன்.

என் சின்ன வயதில், மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில், கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால்மரம் வெட்டிப் பாலெடுத்த என் அண்ணனுக்குக் கணக்கென்றால் பைத்தியம். பத்து லட்சத்து ஒன்று எந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபடும் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுச் சுவரில் கரியால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழு வரை எதாலும் வகுபடவில்லை.

கம்யூனிஸ்டுகளைத் தேடி வந்த சிப்பாய்கள் சுவரைப் பார்த்ததும் துப்பாக்கியை நீட்டினார்கள்.

"காட்டுல இருக்கிறவங்களுக்கு ரகசியம் எழுதினியான்னு கேக்குறாங்க," என்றார் கூட வந்த தோட்டத்து அலுவலகக் கிராணி.

"சும்மா கணக்குங்கய்யா."

"யாருக்காக?"

"யாருக்கும் இல்லீங்க. ஒரு ஆசைதான்."

தோட்டக் கூலி ஆசைக்குக் கணக்குப் போடுவான் என்பதைக் கிராணியே நம்பவில்லை. அண்ணனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர் விட்ட இடத்திலிருந்து நான் வகுத்தேன். நூற்றொன்றால் வகுத்தபோது மீதியே வரவில்லை. அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து முன்பற்கள் இல்லாமல் திரும்பி வந்தார்.

"அண்ணே, நூத்தியொண்ணுல வகுபடுது!" என்று ஓடினேன்.

அவர் கைகட்டி, தரையைப் பார்த்து, என்னிடம் சொன்னார்: "எனக்குக் கணக்கே தெரியாதுங்க."