அடைக்கலராஜ் அடித்த லைனிங்

தாண்டிக்குடி மலையில் தன்னைத் தவிர வேறு யாருக்காவது வண்டி ஓட்டத் தெரியும் என்று அடைக்கலராஜ் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பஸ் டிரைவர்களை மாடு மேய்க்கப் போகச் சொல்லுவான். லாரிக்காரர்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பதிலே வராது, துப்புவான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் சாமியாரின் மோட்டார் சைக்கிள் கோயில் வாசலில் நிற்கும். அதன் செயின் தொங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போவான். பிரசங்கம் முடிகிறவரை அந்தச் செயினை நினைத்து சாமியாரை மனசுக்குள் ஏசிக்கொண்டிருப்பான். இவ்வளவு பெரிய மேதை ஓட்டியது என்னவோ ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய ஜீப்பும் அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய ட்ரெய்லரும்தான்.

அவனுடைய அப்பா கொடைக்கானலில் ஒரு மிஷன் பங்களாவில் சமையல் செய்தவர். மகன் அடுப்படிக்குள் நுழையாமல் வண்டிக் கொட்டகைக்குள் நுழைந்தான். அங்கிருந்த வெள்ளைக்கார சாமியாரின் காரைத் துடைத்துத் துடைத்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். அந்தச் சாமியார் தன் தேசத்துக்குப் போகும்போது, உன்னைப்போல வேலைக்காரனை நான் பார்த்ததில்லை என்று சொல்லி ஒரு ஸ்பானர் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்குப் போகிற அவசரத்தில் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். இவன் ஒருத்தன்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், எஸ்டேட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. காப்பி மூட்டைகளை ட்ரெய்லரில் ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறக்குவான், உரமும் அரிசியும் மேலே ஏற்றுவான். அந்த ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் அதன் பாரம் முழுக்க ஜீப்பின் முதுகில் வந்து மோதும். அதனால் ஜீப்பின் பிரேக் கட்டையில் அடிக்கிற லைனிங் பட்டை கெட்டியானதாகத்தான் இருக்கவேண்டும். மெத்தென்ற லைனிங் சத்தம் போடாது, ஆனால் நாலாவது வளைவுக்குள் சூடேறி வழுக்கிவிடும். கெட்டி லைனிங் பிடிக்கும், பிடிக்கும்போது கத்தும். அந்த ஜீப் ஒவ்வொரு வளைவிலும் மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது.

அந்தக் கத்தலுக்குக் காப்பிக்காட்டுப் பெண்கள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். எஸ்டேட்டில் வேலை தொடங்கவும் முடியவும் ஊதுவது கம்பெனிச் சங்கு. ஜீப்பின் பிரேக் கத்துவது ‘நம்ம சங்கு’. உச்சியில் இருக்கிற பங்களாவிலிருந்து மேனேஜர் பொன்னுவேல் அந்த ஜீப்பில்தான் காட்டுக்கு இறங்கி வருவார். நம்ம சங்கு ஊதினால் வெற்றிலை மடிக்கிறவள் எச்சிலைத் துப்பிவிட்டுச் செடிக்குப் போவாள், உட்கார்ந்தவள் எழுந்துவிடுவாள், மரத்தடியில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மாரை மூடிக்கொண்டு கூடையை இடுப்பில் கட்டுவாள்.

பொன்னுவேல் பழனிக்காரர். கணக்கெழுத வந்து மேனேஜராக உயர்ந்தவர், உயர்ந்த நாளிலிருந்து கழுத்து கீழ்ப்பக்கம் வளையாமல் போய்விட்டது. கைப்பிள்ளையோடு யாரும் காட்டுக்கு வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பிள்ளைகளை விடுவதற்கு ஒரு கொட்டகை இருந்தது. அதில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூன்று தடவை பிடிபட்டால் பேர் வெட்டு, தொழிலாளர் லயத்தில் கொடுத்த அறையும் போய்விடும். வள்ளி இரண்டு தடவை பிடிபட்டிருந்தாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். புருஷன் வந்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். ஐந்து மாதப் பிள்ளையும் ஒரு தகரப் பெட்டியும் அந்த அறையும்தான் அவளுக்கு இந்தியா.

அடைக்கலராஜின் மனைவி கித்தேரியம்மாளும் அதே நிரையில் பழம் பறிக்கிறவள். வள்ளியின் கதையை அவள் தினமும் வீட்டில் சொல்லுவாள். ஆகவே ஒன்றும் தெரியாது என்று இவன் பின்னால் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

ஒருநாள் காலையில் மேனேஜர் ஜீப்பில் ஏறியதும் மூக்கைச் சுளித்தார்.

“என்னப்பா வண்டி இது, பன்றியைக் கழுத்தறுத்த மாதிரிக் கத்துது? சத்தமில்லாத லைனிங்கா பாத்துப் போடு.”

“ட்ரெய்லர் இழுக்கிற வண்டிங்க சார். மெத்து லைனிங் போட்டா இறக்கத்துல நிக்காது. இது கத்தத்தான் செய்யும்.”

அதோடு பேச்சு முடிந்திருந்தால் அவன் கதையை எழுதவே வேண்டியிருக்காது. மேனேஜருக்கு லைனிங்கும் தெரியாது, லட்டுவும் தெரியாது. நம்பியிருப்பார். ஆனால் அவர் இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“வத்தலக்குண்டு மயில்சாமிகிட்டக் கேட்டேன். கெட்டி லைனிங்கையே சத்தமில்லாமப் போடலாம், ஆளுக்குத் தொழில் தெரியணும்னான். உனக்குத் தெரியலைன்னா சொல்லு, அவங்கிட்ட விட்டுருவோம்.”

மயில்சாமி! ஊசிப்போன கிரீசை டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை நடத்துகிற மயில்சாமி. போன மாதம்தான் டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால், “ஏலே, அடைக்கலம் கையில பிரேக்குகூட அழுவுதுடா” என்று சிரித்திருந்தான். அடைக்கலராஜ் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

கித்தேரியம்மாள் விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தாளு எதுக்குச் சத்தம் வேணாங்கிறாருன்னு உங்களுக்குத் தெரியாதா? கத்துனா கத்திட்டுப் போகட்டும்ங்க. வள்ளி பொழப்பு அதுல கெடக்கு.”

“ஏ புள்ள, பிரேக்குக்கும் பால் குடுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. அவளுக வெள்ளனே வந்து ஒழுங்கா சோலியைப் பாத்தா யாருக்குப் பயப்படணும்?”

“நீங்க செய்யலைன்னா அவங்க வேற ஆளை வச்சுச் செய்வாங்கன்னு சொல்றீகளா?”

“மயில்சாமியாவது செய்யிறதாவது! அவனுக்கு என்னைக்குத் தெரியும்?”

அந்தப் பதிலில் அவனே தன் நியாயத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டான், அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. மயில்சாமிக்குத் தெரியாது என்றால், இவன் கையை மடக்கிக்கொண்டால் ஜீப் கத்திக்கொண்டேதான் இருக்கும். பூனையின் கழுத்தில் தானாக மணி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கொடுக்கிற சாமர்த்தியம் மலையில் ஒரே ஒருத்தனுக்குத்தான் இருந்தது, அவன் அதை நிரூபிக்கத் துடித்தான்.

வத்தலக்குண்டில் இரண்டு நாள் கிடந்தான். கடை கடையாக ஏறி லைனிங்கை நகத்தால் கீறிப் பார்த்தான், முகர்ந்தான், கல்லாவில் இருந்தவர்களைத் திட்டினான். ஒன்று அப்பளம் என்றான், ஒன்று செங்கல் என்றான். கடைசியில் கெட்டியாகவும் மாவு உதிராமலும் ஒரு செட் கிடைத்தது. லேத் பட்டறையில் நாலு சக்கரத்துப் பிரேக் டிரம்மையும் கொடுத்து உள்பக்கம் வழவழவென்று கடையச் சொன்னான். செம்பு ரிவெட்டை ஒவ்வொன்றாகத் தானே அடித்தான். லைனிங்கின் இரு ஓரத்தையும் அரத்தால் சரிவாக ராவினான், கத்தல் பிறக்கிற இடம் அந்த ஓரம்தான். இரும்பும் இரும்பும் உரசுகிற இடங்களில் தொட்டும் தொடாமலும் கிரீஸ் வைத்தான். அதோடு விட்டானா? ட்ரெய்லர் கொக்கி கடகடவென்று ஆடுகிறதே என்று பழைய டயரை வெட்டி அதற்குள்ளும் திணித்தான். கொக்கியை யாரும் கேட்கவே இல்லை. பாவத்தைக்கூட அவன் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

ஊர் திரும்புவதற்கு முன்னால் முழுப்பாரத்தோடு சித்தரேவு தாண்டி மலையில் ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தான். வண்டி நினைத்த இடத்தில் நின்றது, ஒரு முனகல் இல்லை. மயில்சாமி பட்டறை வாசலில் வேண்டுமென்றே மூன்று முறை பிரேக் போட்டுக் காட்டிவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவன் பேசிய பேச்சை ஆண்பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். பழம் பறிக்கிற பெண்களிடம் போய்ப் பீற்றிக்கொள்ள அவனுடைய மதிப்பு இடங்கொடுக்கவில்லை. கித்தேரியம்மாளோ செய்தது தன் புருஷன் என்று சொல்ல வெட்கப்பட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. வண்டி வத்தலக்குண்டு போய் வந்தது, இனி கத்தாது, சாக்கிரதை என்று மட்டும் நிரையில் சொல்லி வைத்தாள். சொன்னால் என்ன செய்ய முடியும்? ஐந்து மாதப் பிள்ளைக்குச் சங்கு பார்த்தா பசிக்கும்?

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஹாரனைத் தொடாதே. மெதுவா இறக்கு.”

இறக்கத்தில் எஞ்சின் லேசாக முனகியதோடு சரி, அதையும் ஓடைச் சத்தம் விழுங்கிவிட்டது. பாலத்து வளைவுக்கு மேலே வந்தபோது அடைக்கலராஜுக்குக் கீழே தெரிந்தது. சவுக்கு மரத்தடியில் வள்ளி சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூடை பக்கத்தில் இருந்தது. முந்தானைக்குள் பிள்ளையின் கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

மேனேஜர் இன்னும் பார்க்கவில்லை, ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவைத் திரும்பினால் பார்த்துவிடுவார். அந்த வளைவில் கியரைக் குறைக்க வேண்டும். கிளட்சைப் பாதி மிதித்துவிட்டுக் கியரைத் தள்ளினால் போதும், பல் நொறுங்குகிற மாதிரி கரகரவென்று மலையே கேட்கும். வள்ளி எழுந்துவிடுவாள். இவ்வளவும் அவனுக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். கை கியர்க் கம்பியில் இருந்தது.

ஆனால் பதினெட்டு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடக் கியரைக் கரகரக்கவிட்டதில்லை. நொறுக்கினால் பக்கத்தில் இருக்கிறவர் என்ன சொல்லுவார்? கியர் மாற்றத் தெரியவில்லை என்பார், வத்தலக்குண்டில் போய்ச் சொல்லுவார், மயில்சாமி சிரிப்பான். ஒருத்தியின் கூரை ஒரு பக்கம், மயில்சாமியின் சிரிப்பு ஒரு பக்கம். இந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தானே, அந்த யோசனைக்கே அவனைச் செருப்பால் அடிக்கலாம். கிளட்சை முழுசாக மிதித்தான். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது.

வண்டி வள்ளிக்கு நாலடி பின்னால் போய் நின்றது. மேனேஜர் இறங்கி, தொண்டையைக் கனைத்த பிறகுதான் அவள் திரும்பினாள். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

“மூணாவது தடவை. பேரு வெட்டியாச்சு. நாளைக்குள்ள அறையைக் காலி பண்ணிரு” என்றார். பிறகு ஜீப்பில் ஏறி, வண்டி நகர்ந்ததும் “நல்லா செஞ்சிருக்கப்பா” என்று அடைக்கலராஜின் தோளைத் தட்டினார்.

பதினெட்டு வருஷத்தில் முதல் பாராட்டு. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தான். மேல் வரிசையில் கித்தேரியம்மாள் செடியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அன்று அவள் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பான்.

மறுநாள் வத்தலக்குண்டுக்குக் காப்பி லோடு. போகிற வண்டியில் அவளையும் இறக்கிவிடு என்று மேனேஜர் தர்மப்பிரபுவாக உத்தரவு போட்டார். ட்ரெய்லரில் மூட்டைகளுக்கு மேலே தகரப் பெட்டி ஏறியது. வள்ளி பிள்ளையோடு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெரியகுளத்துப் பக்கம் ஒரு சித்தி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாளாம், முகவரி கிடையாது. அடைக்கலராஜ் அவள் சாபத்துக்காகக் காத்துக்கொண்டு ஓட்டினான். ஒரு வளைவு, இரண்டு வளைவு, பத்து வளைவு. பின்னால் அத்தனை பாரம், வண்டி பூப்போல நின்று நின்று இறங்கியது.

பாதி மலை இறங்கியதும் அவள் முந்தானையை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள்.

“முழிக்கவே இல்லைங்க அண்ணே. முன்னாடியெல்லாம் இந்த வண்டி கத்துற கத்துல வீல்னு அழுதுருவான். இப்ப பாருங்க, லயத்துல கெடக்கிற மாதிரி தூங்குறான்.” உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள். “யாருங்க அண்ணே பிரேக்கை இவ்வளவு நல்லாச் செஞ்சது?”

அடுத்த வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தான், வண்டி சத்தமில்லாமல் நின்று திரும்பியது.

“மயில்சாமி” என்றான் அடைக்கலராஜ்.