தோற்கச் சொல்லிக் கத்திய ஞாயிற்றுக்கிழமை

யோகன் வீட்டில் அன்று மாலை யோகன் இருந்தான், பிரகாஷ் இருந்தான், நான் இருந்தேன். யோகனின் மனைவி இரண்டு தரம் எட்டிப் பார்த்து, "இன்னும் முடியேல்லையோ இந்தப் பெடியள் பொறுக்கிற கூத்து?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனா. ரத்தினம் அண்ணை இல்லை. அவர் இல்லாமல் நாங்கள் பார்க்கிற மூன்றாவது டிராஃப்ட் இது.

உங்களுக்கு ஃபுட்டி தெரியாமல் இருக்கலாம். மெல்பேர்னில் ஃபுட்பால் என்றால் நம் ஊர்ப் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, கையாலும் காலாலும் ஆடலாம், நாலு பெரிய கம்பம். நடுவில் போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. ஆண்டு முடிவில் டிராஃப்ட் வரும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு இருக்கிற இளம் ஆட்டக்காரரை அணிகள் வரிசையாகத் தெரிந்தெடுக்கும். ஆகக் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. தோற்றவனுக்கு ஆறுதல் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பச்சை அணிக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே நாடு களைத்துப் போய்விட்டது.

இந்த முறையும் எங்களுக்குத்தான் முதல் தெரிவு. பயிற்சியாளர் திரையில் வந்து, "மீளக் கட்டியெழுப்புகிறோம்" என்றார். நான் இந்த நாட்டுக்கு வந்த ஆண்டிலிருந்து இவர்கள் மீளக் கட்டியெழுப்புகிறார்கள். எங்கள் ஊரில் குண்டு விழுந்த வீடுகளையே இதற்குள் இரண்டு தரம் கட்டிவிட்டார்கள்.

யோகன் கடையில் வாங்கி வந்த சூடான உருளைக்கிழங்குச் சிப்ஸில் வினாகிரியை ஊற்றினான். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. "என்னடாப்பா, விரதமோ?" என்றான். விரதமில்லை. வினாகிரி போட்ட சிப்ஸ் என்றால் எனக்கு ரத்தினம் அண்ணையின் கைதான் ஞாபகம் வரும்.

அண்ணை கோழி இறைச்சித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினவர். படகில் வந்தவர், தற்காலிக விசா. நாங்கள் நாலு பேரும் கிளேட்டனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிரகாஷ் மலேசியாவிலிருந்து படிக்க வந்து எஞ்சினியராக நின்றுவிட்டவன். யோகன் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்தேன். என் அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெருவிரல் வைத்தவர். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்று சொல்லக்கூடிய ஒன்றைப் படித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ரத்தினம் அண்ணையை ஏதோ ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். நடுவரின் பரம்பரையையே இழுப்பார். இடக்கால்காரர் எல்லாரும் சுயநலக்காரர் என்பது அவர் கட்சி. ஆட்டக்காரரின் பெயர்கள் வாயில் நுழையாததால் அவரே பெயர் வைத்தார். உயரமாய் நின்று ஒன்றும் செய்யாதவன் கொக்கு. கைக்கு வந்த பந்தையெல்லாம் ஈரச் சோப்புப் போல நழுவ விடுகிறவன் சவர்க்காரம். "சவர்க்காரத்திட்டப் போகுது, சவர்க்காரத்திட்டப் போகுது... போச்சுது!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிற நேரத்தில் தொலைக்காட்சி வர்ணனையாளரே நாகரிகமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சவர்க்காரத்துக்கு எங்கள் நிர்வாகம் இன்னும் நாலு வருட ஒப்பந்தம் கொடுத்தது. யார் கையில் இருக்கிறது இந்தக் கழகம் என்று கேட்கிறேன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஃபுட்டியில் ஒரு வழக்கம் உண்டு: வென்ற அணியின் பாட்டை மட்டும்தான் மைதானத்தில் போடுவார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று பாடுவார்கள். தோற்றவர்களுக்குப் பாட்டில்லை, கார்ப் பார்க்குக்கு நடக்கலாம். எங்கள் அணியின் பாட்டை அண்ணை கோழிப் பெட்டி மட்டையொன்றின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி, ஃபோர்க்லிஃப்டில் இருந்தபடியே பாடிப் பாடி மனனம் செய்தார். ஆறு ஆட்டத்துக்கு மட்டையோடு போனார். ஆறும் தோல்வி. சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை. அந்த ஆண்டு நாங்கள் வென்ற மூன்று ஆட்டமும் சனிக்கிழமையில்தான் வந்து தொலைந்தன.

"அப்பிடி என்ன அண்ணை அந்தப் பாட்டில இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டில ஒண்டுமில்லை. ரீவியில பார்த்தனான், பக்கத்தில நிக்கிறவன்ர தோளில கையைப் போட்டுக்கொண்டு பாடுறாங்கள். நீ ஆர், எந்த விசா எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. ஒருக்கா அப்பிடி நிண்டு பாடவேணும், அவ்வளவுதான்."

கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கும் அவருக்கு வேலை போட்டிருந்தார்கள். ஆட்டத்துக்காக அண்ணை இரண்டு இரவு வேலையை வேறொருவனிடமிருந்து வாங்கிச் செய்து, அந்தப் பகலை மாற்றிக்கொண்டார். அந்த வாரம்தான் நான் என் அட்டவணையோடு, நாங்கள் கூடியிருந்து கதைக்கிற எங்கள் வீட்டுக் கராஜுக்குள் நுழைந்தேன்.

கணக்கு நேரானது. தோற்றால் நாங்கள் ஆகக் கடைசி, முதல் தெரிவு. வென்றால் கடைசிக்கு முந்தின இடம், இரண்டாவது தெரிவு. அந்த ஆண்டு முதலாவதாகப் போகப்போகிறவன் மேற்கு அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரத்துப் பெடியன் ஒருவன். பத்து வருடத்துக்கு ஒருக்கா வாற முன்வரிசை ஆட்டக்காரன் என்று எல்லாரும் எழுதினார்கள். உயரம், பாய்ச்சல், இருபது மீற்றர் ஓட்டம், உதையின் திருத்தம் எல்லாவற்றையும் நான் பத்தி பிரித்து நிறம் தீட்டி வைத்திருந்தேன். அவன் பெயருக்கு நேரே எல்லாக் கட்டமும் பச்சை.

"அண்ணே, ஜெயிச்சா நமக்கு என்னா கெடைக்கும்? ஒன்னும் இல்லலா. தோத்தா இந்தப் பையன் கெடைப்பான்" என்றான் பிரகாஷ்.

"அப்ப எங்கட ரீம் தோக்கவேணுமெண்டு நான் கும்பிடவேணுமோ? உனக்கு விசரோ?"

"கும்பிட வேண்டாம் அண்ணை, கணக்கைப் பாருங்கோ" என்று தாளை நீட்டினேன்.

அவர் பார்த்தார். நிறங்களைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கேட்டார்: "இவன் பேர்த் பெடியன் எல்லே? தாய் தகப்பன் எங்கை?"

"அங்கைதான்."

"பதினெட்டு வயசு. இவ்வளவு தூரம் வந்து நிப்பானோ?"

நான் சிரித்தேன். "நீங்கள் கடல் தாண்டி வந்து நிக்கேல்லையோ அண்ணை? இது நாலு மணித்தியாலப் பிளேன்."

"எனக்குத் திரும்பிப் போக இடமில்லை, அதால நிக்கிறன். அவனுக்கு இருக்குத்தானே?"

அதற்கு என் அட்டவணையில் பத்தி இல்லை. "வீட்டு ஞாபகத்தையெல்லாம் அளக்கேலாது அண்ணை" என்று ஏதோ பெரிய விரிவுரையாளன் போலச் சொன்னேன். யோகன் கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். அண்ணை எழும்பி, "நீ படிச்சனி, சொல்லுறாய். நான் ஞாயிற்றுக்கிழமை பாடத்தான் போறன்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

ஞாயிறு மதியம் மைதானத்தில் பாதி இருக்கை வெறுமை. அண்ணை கழுத்தில் பச்சை ஸ்கார்ஃப், ஒரு கையில் வினாகிரிச் சிப்ஸ், மறு கையில் அந்த மட்டை. ஆண்டு முழுக்கச் செத்த பிணம் போல ஆடின எங்கள் அணி, அன்றைக்கென்று எழும்பி ஓடத் தொடங்கியது. கொக்கு பந்தைப் பிடித்தான். சவர்க்காரம், என் கண்ணால் கண்டேன், ஒரு கையால் பிடித்தான். மூன்றாம் பகுதி முடியப் பதினைந்து புள்ளி முன்னால் நின்றோம். அண்ணை சிப்ஸை எல்லாருக்கும் நீட்டினார். பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவருக்கும் நீட்டினார்; அவரும் எடுத்தார்.

நாங்கள் மூவரும் கல்லுப் போல இருந்தோம். பிரகாஷ் என் காதில், "போச்சுலா, பையன் போச்சு" என்றான்.

கடைசிப் பகுதியில் எதிரணி துரத்தியது. ஒரு கோல். இன்னொன்று. அரை நிமிடம் மீதி, மூன்று புள்ளி முன்னால் எங்கள் அணி. அண்ணை எழும்பி நின்றுவிட்டார். மட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்த கிழவரிடம் ஏதோ சொன்னார். கிழவரும் சிரித்துக்கொண்டு எழும்பினார்.

அப்போது எதிரணிக்காரன் ஒருவன் ஐம்பது மீற்றரிலிருந்து உதைத்தான். பந்து நாலு கம்பத்துக்கும் நடுவால் போனது.

முதலில் துள்ளி எழும்பினது நான். இதை வேறு யார் தலையிலும் போட முடியாது. "யேஸ்!" என்று கத்தினேன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கழுத்தில் பச்சை ஸ்கார்ஃபோடு. பிறகுதான் யோகனும் பிரகாஷும். மூவரும் கட்டிப்பிடித்தோம். கிழவர் எங்களைப் பார்த்த பார்வை, பூட்டாத வீட்டுக்குள் நுழைந்த ஆட்களைப் பார்க்கிற பார்வை.

சங்கு ஊதியது. மற்றவர்களின் பாட்டைப் போட்டார்கள்.

அண்ணை கத்தவில்லை. நடுவரைக்கூட ஏசவில்லை. "வெண்டிட்டியள், என்ன?" என்றார். மட்டையை மிச்சச் சிப்ஸ் இருந்த பெட்டிக்குள் மடித்து வைத்து மூடி, படியால் இறங்கும்போது குப்பைத் தொட்டிக்குள் போட்டார். ரயிலில் எங்களோடு வந்தார், கதைத்தார், மறுநாள் வேலைக்குப் போனார். ஃபுட்டி மட்டும் பிறகு பார்க்கவேயில்லை. ஆறேழு மாதத்தில் சிட்னியில் ஒரு களஞ்சியசாலையில் வேலை கிடைத்து லிட்கம் பக்கம் போய்விட்டார். எங்களால் போனார் என்று சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள மாட்டேன், வேலைக்காகத்தான் போனார்.

பெடியன் வந்தான். முதல் தெரிவாக அவன் பெயரைச் சொன்னபோது அவன் தாய் அழுததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெருமையில் அழுகிறா என்று நாங்கள் கைதட்டினோம். இரண்டு பருவம் ஆடினான். போன மாதம், வீட்டுக்குக் கிட்டப் போகவேணும் என்று கேட்டு, மேற்குக்கே திரும்பிவிட்டான். அவனில் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை. இருக்கிறது. இருபது வயதில் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவன் மேல் கோபப்படுகிற நானும் ஒரு மனுசன். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் முழங்காலையும் பாய்ச்சலையும் அளந்துவிட்டு, அவன் எங்கே நித்திரை கொள்வான் என்று யோசிக்காத நிர்வாகத்தில் அதைவிடக் கோபம். அவர்களாவது சம்பளத்துக்குச் செய்தார்கள். நான் சும்மா செய்தேன்.

செய்தி வந்த அன்று அண்ணைக்குப் போன் எடுத்தேன். "பேர்த் பெடியன் திரும்பிப் போட்டான் அண்ணை."

"ஆர்? ஓ... ஓம், போயிருப்பான். தாய்க்குச் சந்தோசமாயிருக்கும்."

"அங்கை மாட்ச் பாக்கிறனீங்களோ?"

"இங்கை ரக்பியெல்லே, வேற பந்து, தம்பி. எனக்கு விளங்கேல்லை. நீ சாப்பிட்டியோ?"

திரையில் புதுப் பெடியனின் பெயரைச் சொன்னார்கள். தென் அவுஸ்திரேலியாக்காரன். யோகன் கைதட்டினான். பிரகாஷ், "உன் சார்ட்டுல இவன் எப்படி?" என்று கேட்டான். நான் சார்ட் வைத்திருக்கவில்லை. கிளேட்டன் வீட்டில் இப்போது வேறு மாணவர்கள் இருக்கிறார்கள். கராஜில் சைக்கிள்கள் நிற்கின்றன. கோழி மட்டையில் தமிழில் எழுதிய அந்தப் பாட்டுக்குப் பிரதியும் இல்லை.

ஆனாலும் கணக்குப் படித்தவன் அல்லவா, ரயிலில் வரும்போது கூட்டிப் பார்த்தேன். அந்தப் பெடியன் எங்களுக்கு ஆடியது இருபத்தொன்பது ஆட்டம். அதில் வென்றது நாலு. நாலுக்கும் நான் மைதானத்தில் இருந்தேன். நாலு தரமும் எழும்பி நின்றேன், பக்கத்தில் நின்றவன் என் தோளில் கை போட்டான், எனக்குப் பாட்டின் சொல் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தேன். சொல் முழுக்கத் தெரிந்த மனுசன் லிட்கம்மில் இருந்தார்.

மூன்று புள்ளித் தோல்விக்கு நாங்கள் கொடுத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து, அவர் பாடாமல் போன ஐந்து பாட்டு.