எடை பார்த்த பிறகு

எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிக் கபடி அணிக்கு நான்தான் முதலில் பாடிப் போகிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பு விளையாட்டு டீச்சர் எங்களை எடை மெஷினில் ஏற்றினார். எங்கள் பிரிவில் ஆடுகிறவர்களுக்கு எடை வரம்பு உண்டு. நான் ஒரு கிலோ கூடுதலாக இருந்தேன். "ராத்திரி பரோட்டாவ மட்டும் நிப்பாட்டு, தானா இறங்கிரும்" என்றார் டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். அதை நான் வீட்டில் சொன்ன அன்று பிடித்தது சனி.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் கழற்றி மாட்டிச் சரியாக்கிவிடுவார். என்னையும் அப்படித்தான் நினைத்தார். செல்போனில் பனியன் போட்ட ஒருவர் ஊருக்கெல்லாம் சாப்பாட்டு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் எங்கள் வீட்டில் சட்டமானது. எண்ணெய் கிடையாது, சீனி கிடையாது, சோறு ஒரே கரண்டி. காலையில் முளைகட்டிய பயறு. சாயங்காலம் அவித்த முட்டையில் வெள்ளை மட்டும். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மஞ்சக்கரு பூராத்தையும் நான் தின்னுக்கிட்டிருக்கேன். பொறவு நான்தான் கபடிக்குப் போகணும்" என்றாள்.

போட்டிக்கு முந்தின நாள் அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருக்கும் அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பத்தியத்தில் இருக்கிற பிள்ளையைப் பால்கோவா போடுகிற வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்ட புத்தியை என்னவென்று சொல்ல! பின்கட்டில் மாமா பால் கிண்டிக்கொண்டிருந்தார். சுண்டுகிற பாலின் வாசனை தெருமுனை வரை வந்து எங்களை அழைத்துப் போனது. அத்தை ஒரு கிண்ணத்தில் சுடச்சுடக் கொண்டுவந்தாள். அப்பா குறுக்கே கையை நீட்டினார்.

"ஏலே, ஒரு வாய்தானே! பிள்ள மூஞ்சியப் பாருலே, ஒட்டிப்போய்க் கெடக்கு."

"அந்த ஒரு வாய்தான்க்கா கெடுக்கும். காலைல எடை போடுவாக."

அத்தை கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப் போனாள். 

மறுநாள் காலை மைதானத்தில் வைத்து எடை போட்டார்கள். வரம்புக்குத் தாராளமாகக் கீழே இருந்தேன். தானே ஜெயித்ததுபோல அப்பா கை தட்டினார். மற்ற பிள்ளைகள் மெஷினை விட்டு இறங்கின கையோடு பையைத் திறந்து இட்லியும் வாழைப்பழமுமாகத் தின்ன உட்கார்ந்துவிட்டார்கள். அத்தையும் தூக்குச்சட்டியோடு வந்திருந்தாள். அப்பா அவளை மர நிழலிலேயே நிறுத்திவிட்டார். "இம்புட்டு நாள் இருந்துட்டா. இன்னும் செத்த நேரந்தான்க்கா." எடை பார்த்து முடிந்த பிறகு எதற்குப் பட்டினி என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டீச்சர் நடுவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த தடவை கோட்டைத் தாண்டியதும் கால் இரண்டும் என்னுடையவை இல்லை போலிருந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி என் கணுக்காலைச் சும்மா பிடித்தாள், விழுந்துவிட்டேன். அதன் பிறகு போன போதெல்லாம் விழுந்தேன். தோற்றோம்.

"காலைல என்னட்டி சாப்ட்ட?" என்று டீச்சர் கேட்டார்.

"பயறு டீச்சர். ஒரு கை."

அவர் அப்பாவிடம் திரும்பினார். "எடைதான் போட்டாச்சுல்ல சார்! பொறவு எதுக்கு பிள்ளையப் பட்டினி போட்டீக? பரோட்டாவ மட்டுந்தான நான் நிப்பாட்டச் சொன்னேன்?"

அப்பா, "வீடியோல..." என்று ஆரம்பித்தார்.  அத்தை தூக்குச்சட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இட்லிக்கு மேலே வாழையிலைத் துண்டில் பால்கோவா. அப்பாவே அதில் ஒரு விள்ளலை எடுத்து என் வாயருகே நீட்டினார்.

"சாப்பிடு தாயி."

இத்தனை நாளாக நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் வாயைத் திறக்கப் பிடிக்கவில்லை.

"வேண்டாம்ப்பா. எடை ஏறிரும்" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்கிறேன், சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். அவரோ நீட்டிய கையை மடக்காமல் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் தோற்றபோதுகூட அவர் முகம் அப்படி வெளிறவில்லை. எல்லாந்தான் முடிந்துவிட்டதே, அப்பா இன்னும் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.