இரண்டாம் தடவை மருந்தடிக்க மறுத்தவர்

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கல்ஃபுக்கு வந்து முசஃபாவில் வெல்டராக ஆரம்பித்து, இன்று அல் ஐன் பக்கம் ஒரு கோதுமைப் பண்ணையையே நடத்துகிறேன். முதலாளியான கஃபீல்கூட என் பேச்சை மீற மாட்டார். மீறியவர் ஒரே ஆள்தான். மருந்தடிக்கும் டிராக்டர் ஓட்டிய யாழ்ப்பாணத்துக்காரர்.

ஒடிசலான ஆள், தலையில் எப்போதும் ஈரத்துண்டு. வண்டியை நிறுத்தினால் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குளிர்காலத்தில் கோதுமைக்குள் காட்டு ஓட்ஸ் புல் மண்டியது. புல்லை மட்டும் கொல்லும் மருந்தை அடித்தோம். பத்து நாளாகியும் புல் பச்சையாகவே நின்றது. மறுநாள் கஃபீல் வருகிறார். என் மானமே போய்விடும்.

பிக்கப்பில் இருந்தபடியே கத்தினேன். “யல்லா, இன்னொரு தடவை அடி! டபுளா கலக்கு!”

“ஏலாது அண்ணை. கோதுமையும் கருகிப்போகும்.”

“முப்பது வருஷமா கல்ஃப்ல இருக்கேன்யா. எனக்கே பாடமா? சாவியைக் குடு!”

இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். அவர் குனிந்து ஒரு புல்லின் நடுக்குருத்தை இரண்டு விரலால் இழுத்தார். சுலபமாகக் கழன்று வந்தது. அடி பழுப்பாக அழுகியிருந்தது. நானும் ஐந்தாறு இழுத்தேன். எல்லாமே உள்ளே செத்திருந்தன.

“இதை முன்னாடியே காட்டித் தொலைச்சா என்னய்யா?”

“நீங்கள் வண்டியை விட்டு இறங்கேல்லையே அண்ணை.”

மறுநாள் கஃபீலுக்கு நானே குருத்தை இழுத்துக் காட்டினேன், என் கண்டுபிடிப்பு மாதிரி. பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் சட்டைப்பைப் பொத்தானைத் தடவியபடி நின்றார். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.