தாளிப்பு மணக்காத வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் தயவுசெய்து உங்கள் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கில் வளர்ந்தவர்களானால், அங்கே இருக்கும் வட்டத் தழும்பு அநேகமாக எங்கள் தகப்பனார் வைத்ததாக இருக்கும். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. மூத்த மகள் என்பதால் நீதான் எழுத வேண்டும் என்று தம்பிகள் சொல்லிவிட்டார்கள். எழுத உட்கார்ந்த நாள் முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை.

தகப்பனார் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பத்து வயதில் தாய்மாமனுடன் கப்பலேறி வந்தார். மாமன் துறைமுகத்தில் மூட்டை சுமந்து அவரை நான்கு வகுப்பு இங்கிலீஷ் படிக்க வைத்தார். மருந்துச்சாலையில் புட்டி கழுவும் வேலையில் சேர்ந்த தகப்பனார், இருபத்திரண்டு வயதில் சர்க்காரில் அம்மை குத்தும் உத்தியோகத்துக்கு வந்தார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் எல்லோரும் காவடியைப் பார்ப்பார்கள். இவர் குழந்தைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டு போவார். அம்மாவுக்கு அதில் தீராத மனத்தாங்கல்.

அவர் வேலையில் இன்னொரு பாதியும் உண்டு. பெரியம்மை கண்ட வீட்டார் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறைத்தால் அபராதம், சில சமயம் சிறை. நோயாளியை ஊருக்கு வெளியே கடலோரத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உறவினர் எவரும் உள்ளே தங்கக் கூடாது என்பது விதி. நம் ஜனங்களுக்கோ அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று பொருள். வீட்டுக்கு வந்த ஆத்தாவை வண்டியில் ஏற்றி அனுப்ப யாருக்கு மனம் வரும்? வாசலில் வேப்பிலை கட்டாமல் மறைத்தார்கள்.

தகப்பனார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். கடுகும் எண்ணெயும் ஆத்தாவுக்கு ஆகாது. அவர் உச்சிவேளையில் சந்தில் மெதுவாக நடந்து போவார். எந்த வீட்டில் உலை கொதித்தும் தாளிப்பு மணம் வரவில்லையோ அந்தக் கதவைத் தட்டுவார். இதை வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் ஐந்து வயது மகளைக் கண்டுபிடித்தார். மாட்டுவண்டிக்காரரின் மனைவி அவர். “அண்ணே, நானும் கூட வர்றேன், ஒரு மூலையில கெடக்குறேன்” என்று காலில் விழுந்தார். தகப்பனார், “சட்டம் எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான் தங்கச்சி” என்றார். குழந்தை கொட்டகையில் எட்டாம் நாள் இறந்துபோயிற்று. எட்டு நாளும் அக்கா வேலிக்கு வெளியே நின்றார். தகப்பனார் தாயை உள்ளே விடச் சொல்லி மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டார். அதன்பிறகு அவர் சந்தில் நடந்தால் அஞ்சலை அக்கா கதவைச் சாத்திக்கொள்வார்.

“நினைவு மலர்ல இதெல்லாம் எதுக்கு அக்கா? நல்லதா நாலு வார்த்தை எழுதுங்களேன்” என்று சித்தப்பா மகன் சொன்னான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நல்லது இதற்குள்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

இரண்டு வருஷம் கழித்து, தகப்பனார் அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களில் அம்மை குத்தப் போயிருந்தபோது, என் கடைசித் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயது. இருமுறை அம்மை குத்தியும் அவனுக்கு அது பலிக்காமல் போயிருந்தது. மூன்றாம் நாள் முகத்தில் முத்துப் போட்டது. அம்மா என்னை வேப்பிலை பறித்து வர அனுப்பினாள். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவரும்போது அஞ்சலை அக்கா தன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவர் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி கொட்டகைக்குப் போவான், தகப்பனாருக்கு வேலை போகும், அம்மா கோர்ட்டில் நிற்பாள். இரண்டு நாள் ஜன்னல் இடுக்கு வழியாக அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் தகப்பனார் படகில் திரும்புவார் என்று தெரியும். ரசம் கொதித்தது. அம்மா கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன் நின்றாள்.

“தாளிச்சா ஆத்தாவுக்கு ஆகாது. தாளிக்கலைன்னா உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுபோயிடும். நான் என்னடி செய்வேன்?”

டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

தகப்பனார் வந்து உட்கார்ந்து ஒரு வாய் ரசம் சாப்பிட்டார். பிறகு இலையிலிருந்தது முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, “எத்தனை நாளா?” என்று கேட்டார்.

“முத்துப் போட்டு ரெண்டு நாள் ஆச்சுங்க. உங்களுக்குத் தெரியாதுன்னே இருந்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

தகப்பனார் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆபீசுக்குப் போகிறார் என்று நினைத்து அம்மா அழத் தொடங்கினாள். அவர் பக்கத்து வீட்டுக் கதவின் முன் போய் நின்றார்.

“அஞ்சலை, என் மகனுக்கு வந்திருக்கு. ஆபீசுல எழுதிக் குடுக்கப் போறேன். உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு.”

கதவு திறக்க நேரமாயிற்று. அக்காவின் முகத்தில் சிறுவயதில் வந்த அம்மைத் தழும்புகள் உண்டு. பின்னால் வந்து நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, “எனக்கு வந்து போன உடம்பு, இனி வராது. நான் உங்களுக்குச் சொந்தமும் இல்ல. சொந்தக்காரங்க கூடாதுன்னுதானே உங்க சட்டம்? நான் கூடப் போறேன் அண்ணே” என்றார்.

ஆபீசில் துரை மறுத்தாராம். தகப்பனார் விதியை எடுத்து வரி வரியாக வாசித்துக் காட்டி, இந்தப் பெண்ணைத் தடுக்க இதில் ஒரு வார்த்தை இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டாராம். அம்மை கண்டு தேறிய அயலார் ஒருவரை அக்காவின் குழந்தைக்கும் துணைக்கு அனுப்பியிருக்கலாமே, அது ஏன் இவருக்கு அன்று தோன்றவில்லை? நான் கேட்டதில்லை. கேட்கப் பயந்தேன். அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளாத நாள் இருந்திருக்காது.

இருபத்திரண்டு நாள் அக்கா கொட்டகையில் இருந்தார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். தம்பிக்கு அம்மாதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அதன்பின் தகப்பனார், கொட்டகையில் துணைக்கு ஆள் விடச் சொல்லி ஓயாமல் மனு எழுதினார். அதனால் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. நாலைந்து வருஷம் கழித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தேறியவர் ஒருவர் துணையிருக்கலாம் என்று கொட்டகை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். தகப்பனார் எங்களை அழைத்துப்போய் அதைக் காட்டினார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசி நாட்களில் தகப்பனாருக்கு மூச்சு வாங்கியது. மருத்துவரை மறுத்துவிட்டு அஞ்சலை அக்காவைக் கூப்பிடச் சொன்னார். மன்னிக்கும்படி கேட்டார். “உங்க மகன நான் பார்த்துக்கிட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான் அண்ணே” என்றார் அக்கா. தகப்பனார், “உன் மக பேரு என்ன? பாப்பா பாப்பான்னே எல்லாரும் கூப்பிட்டோம். நான் அன்னைக்குப் பெண் குழந்தை, வயது ஐந்துன்னு மட்டும் எழுதிட்டேன்” என்றார். அக்கா அவர் காதருகே குனிந்து சொன்னார்.

பணமும் அரிசியும் கொண்டுவந்த தெருவாருக்கும், மழையில் பாடை தூக்கி வந்தவர்களுக்கும், இரவு பகலாகக் கூட இருந்த மருந்துச்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அஞ்சலை அக்காவுக்கு நன்றி எழுத எனக்குப் பயமாயிருக்கிறது. ஏற்றுக்கொள்வாரோ மாட்டாரோ. இந்த மலரில் என்ன எழுதட்டும் என்று அவரிடமே போய்க் கேட்டேன். உங்கப்பாவைப் பற்றி உன் இஷ்டம்போல் எழுது, என் மகள் பெயரை மட்டும் விட்டுவிடாதே என்றார்.

அவள் பெயர் தங்கம்மாள்.