பாதி முடிச்சில் பதினெட்டு நிமிடம்

என் தங்கை கல்யாணத்தை நான் கெடுக்கப் பார்த்தேன் என்று எங்கள் சித்தப்பா இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். நான் வாசிக்கத்தான் செய்தேன். அவசரப்பட்டது மாப்பிள்ளை.

சிங்கப்பூர் ஹோட்டலில் பியானோ வாசிப்பது என் பிழைப்பு. சொந்தமாகவும் ஒன்று எழுதி வைத்திருந்தேன். ஒரு காலத்தில் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் கல்யாணப் பாட்டையும் எங்கள் எஸ்டேட் கும்மியையும், நாலு பேர் அடக்கி வாசிக்கும் ஜாஸில் கலந்த இசை. ஏழு வருட உழைப்பு, இருபத்தைந்து நிமிடம். முழுதாகக் கேட்ட ஆள் ஒருவர்கூட இல்லை. மூன்றாவது நிமிடத்தில் எல்லாருக்கும் எங்கிருந்தாவது போன் வந்துவிடும். ஒரே ஒருவராவது கடைசிவரை கேட்க மாட்டாரா என்று ஏங்கிப்போயிருந்தேன்.

கல்யாணம் மலேசியாவில், எங்கள் ஊர்ப்பக்கம். கோத்தா திங்கி மண்டபத்தில் பந்தி நேரத்தில் வாசிக்கலாமென்று என் குழுவைக் கூட்டிப்போனேன். நாதஸ்வரக் கோஷ்டியோ வெள்ளத்தில் சாஆ என்ற தங்கள் ஊரிலேயே மாட்டிக்கொண்டது.

"தம்பி, மேளம் இல்லாம மேடை இருக்கக்கூடாது. எதையாச்சும் வாசிங்க" என்றார் ஐயர்.

அன்று சனிக்கிழமை. ராகு காலம் பத்தரைக்கு முடிந்த பிறகுதான் தாலி. பத்து ஐந்துக்குத் தொடங்கினோம். ஏழாவது நிமிடத்தில் டிரம்ஸ் சூடு பிடிக்கும் இடம் வந்தது. சபை மொத்தமும் அதைக் கெட்டி மேளம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து அட்சதையை வீசியது. பாசிர் கூடாங் துறைமுகத்தில் வெல்டராக இருக்கும் மாப்பிள்ளை, தாலியை எடுத்துத் தங்கை கழுத்தில் முதல் முடிச்சைப் போடத் தொடங்கிவிட்டார்.

"அலமாக்! ஐயய்யோ, இறுக்காதீங்க! கழட்டவும் கழட்டாதீங்க!" ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பதினெட்டு நிமிஷம் அப்படியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க. தம்பி, வாசிங்க! யாராச்சும் தும்மினா காதுல விழக்கூடாது."

தங்கை குனிந்தபடியே என்னை முறைத்தாள். அண்ணனாக நான் தலையைக் குனிந்துகொண்டேன். இசைக்காரனாக, சொல்ல வெட்கம், ஆனந்தமாக இருந்தது. தாலி பாதியில் நிற்கும்போது யார் எழுந்து போவார்கள்? போன் அடித்தவர்கள்கூட எடுக்கவில்லை. வெல்டர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

பத்தரைக்கு முடிச்சு விழுந்தது. தரையில் கிடந்த அட்சதையையே பொறுக்கி மறுபடி போட்டார்கள்.

மாப்பிள்ளை விரல்களை நீவிக்கொண்டு என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மச்சான், கடைசில கிளாரினெட் மட்டும் தனியா அழுவுதே, செத்துப்போன எங்கம்மா நெனப்பு வந்திருச்சு. மொதல்லேருந்து இன்னொரு தடவ வாசிக்க முடியுமா?"

பியானோவில் போய் உட்கார்ந்தேன். கண்ணீரில் கட்டைகளே தெரியவில்லை.